நாற்காலியை விட்டு எழாத மாப்பிள்ளை

நான் பொய் சொல்வதில்லை. உண்மை சில சமயம் கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிடும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நாற்சந்தியில் நின்று வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தடவை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மழை திரண்டு வந்தது. வலது கையைத் தூக்கினேன். கடைசிப் பிள்ளை சாலையைக் கடந்து வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் மேகம் தலைக்கு மேலே அப்படியே நின்றது. கையை இறக்கினேன். கொட்டித் தீர்த்துவிட்டது. நேரில் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். எல்லாரும் இப்போது வெளியூரில் இருக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அக்கா மகன் கல்யாணத்தில் என்னை நம்பி ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்தது சும்மா இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா மகனுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவள் வைத்தது வேறு. அது அவளுக்கே மறந்துவிட்டது. விழா நடத்திக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவன் ஒருங்கிணைப்பாளர். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் அதே நிறுவனம்தான். அவளை எல்லாரும் டேப்பு என்பார்கள். கைப்பையில் அளவு டேப் இல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சோபா கதவை இடிக்கிறது என்று அளந்து காட்டினாள். அக்காவுக்கு உடனே பிடித்துப் போயிற்று. அந்தக் கதவைப் பற்றி வருஷக்கணக்கில் அத்தானிடம் சொல்லிச் சொல்லி அலுத்தவள் அவள்.

டேப்பு அங்கே திட்டமிடுபவள். இரண்டும் ஒரே வேலை, கார்டில் மட்டும் வேறு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"மாமா, விழாவுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாம் என் தலையில," என்றாள் டேப்பு. "எந்த மண்டபம், யார் சமைக்கிறது, மேசை எங்க, மேசைக்கும் மேசைக்கும் நடுவுல எவ்வளவு இடம், மழை வந்தா என்ன, கரண்ட் போனா என்ன, பேச வந்தவர் மைக்கை விடலைன்னா என்ன... மாசக்கணக்கா உக்காந்து யோசிச்சு வைக்கிறது நான்."

"விழா அன்னிக்குக் காலையில அதைத் தூக்கி என் கையில குடுத்துருவா," என்றான் பம்பரம். "அதுக்கப்புறம் யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது மாமா. பூக்காரர் வரலையா, ஓடு. மணமேடை விளக்கு எரியலையா, ஓடு. என்ன கெட்டுப்போகும்னு அவ யோசிப்பா. கெட்டுப்போனதை நான் பார்ப்பேன்."

"அதாவது அவ தலை, நீ காலு."

"அப்படியே வச்சுக்கங்க."

"அப்ப வயிறு?"

"அது நீங்கதான் மாமா. எங்க எல்லா விழாவுலயும் மொத பந்தியில உங்களைப் பார்க்கிறோமே!" என்றாள் டேப்பு. அக்கா புரையேறும்வரை சிரித்தாள்.

அவர்கள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. ஒரு கருத்தரங்கில் பேச்சாளர் எந்த இடத்தில் தும்முவார் என்று யோசித்து, மைக்குக்குக் கீழே கைக்குட்டை மடித்து வைத்தவள் டேப்பு. அவரும் வாக்கியம் தவறாமல் அங்கே தும்மினார். பம்பரமோ ஒரு கல்யாணத்தில் முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒரே நேரத்தில் நின்றான். அந்த மண்டபத்தின் முழுப் படம் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. இடது ஓரத்தில் அவன், வலது ஓரத்தில் அவன். இரண்டிலும் போன் பேசுகிறான். ஒருவனோடு ஒருவன் பேசுகிறான் என்றுதான் நினைக்கிறேன்.

சிக்கலும் அங்கேதான். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்பதற்காக அவளை ஒரு நல்ல ஓட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறான். மெழுகுவர்த்தி, மெல்லிய சங்கீதம், எல்லாம் சரியாக அமைந்து, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்திருக்கிறான். பக்கத்து மேசையில் பரிமாறுகிறவர் தட்டைத் தவறவிட்டார். "ஒரு நிமிஷம்" என்று எழுந்தவன் கண்ணாடித் துண்டைப் பெருக்கச் சொல்லி, அந்த மேசைக்காரர்களை ஜன்னலோரம் மாற்றி, வாசலில் காத்திருந்த குடும்பங்களையெல்லாம் வரிசைப்படி உட்கார வைத்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு வழிப்பாதை ஏற்படுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, டேப்பு இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். ஓட்டல்காரர் இவனுக்கு வேலை தருவதாகச் சொன்னார். பெண் பதில் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பதில் சொன்னாள். நிபந்தனையோடு.

"கட்டிக்கிறேன். ஆனா நம்ம கல்யாணத்துல நீ என் பக்கத்து நாற்காலியில உக்காரணும். விருந்தாளிங்க வர்றதுல இருந்து பதிவாளர் வந்து கையெழுத்து வாங்குற வரைக்கும். சாப்பாடு முழுசும் என்கூட உக்காந்து சாப்பிடணும். நடுவுல ஒரு தடவை எழுந்து ஓடினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கூரை இடிஞ்சு விழுந்தா?"

"விழட்டும். நீ உக்காந்தே இரு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்காவிடம் வந்து, "அத்தை, வாழ்நாள் முழுக்க இவன் எழுந்து போற முதுகையே பார்த்துட்டு என்னால சாப்பிட முடியாது" என்றாள். அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மகன் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே அவனை வகுப்புத் தலைவனாகப் போட்டு வெளியே நிற்க வைத்தார்கள்.

சரி, மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டால் ஓடுவது யார்? நிறுவனத்தில் வேறு ஆட்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் டேப்பு ஒரே பிடியாக நின்றாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் ஒரு கல்யாணத்துலயும் உக்காந்து சாப்பிட்டதில்ல. அன்னிக்கு அவங்க எல்லாரும் விருந்தாளி."

"அப்ப யாரு?" என்றாள் அக்கா.

நான் தொண்டையைச் செருமினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். சுவரே தேவலை என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"கையைக் காட்டினா லாரியே நின்னிருக்கு," என்றேன். "சமையல்காரர் நிக்க மாட்டாரா?"

வேறு வழியில்லாமல் எனக்கே கிடைத்தது. டேப்பு என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினாள். நீளமான கூடம். ஒரு முனையில் பெரிய கதவு, அது ஒன்றுதான் வழி. மறுமுனையில் மணமக்களுக்குத் தாழ்வான மேடை. கதவிலிருந்து மேடை வரைக்கும் நடுவில் அகலமாக ஒரு பாதை; இருபுறமும் வட்ட மேசைகள். வலது சுவரோரம் வரிசையாகத் தூண்கள். இடது சுவரோரம் பரிமாறுகிறவர்கள் நடக்க ஒரு சந்து.

"எல்லாம் யோசிச்சாச்சு மாமா. நீங்க எதையும் யோசிக்க வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி நடத்தினா போதும். ஏதாவது மாத்தணும்னு தோணினா..."

"தோணினா?"

"தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க. அது போயிடும்."

காதில் மாட்டிக்கொள்ளும் கருவி கொடுத்தார்கள். சமையலறை, வாசல், ஒலிபெருக்கி என்று எல்லாருடைய பேச்சும் அதில் கேட்கும். அதை மாட்டியதும் எனக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. இடுப்பு தானாக நிமிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன், மீசைகூடக் கறுத்திருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம். என்னோடு சந்தியில் நின்ற பழைய போக்குவரத்துக் காவலர்கள் சிலர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் மின்விசிறிக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறவர்கள். அக்கா மகன் கல்யாணம், ஒருங்கிணைப்பே நான்தான், கூப்பிடாமல் விட்டால் என்ன நினைப்பார்கள்? கூப்பிட்டேன். டேப்புவிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே நிறைய வேலை.

கல்யாணத்தன்று எல்லாம் வெண்ணெய் வெட்டினாற்போலப் போயிற்று. பதிவாளருக்குக் காலையில் வேறொரு கல்யாணம். அதை முடித்துவிட்டு எங்கள் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு வருவார். அதே நேரத்தில் கேக் தள்ளுவண்டியில் உள்ளே வரும். கேக் வெட்டு, உறுதிமொழி, கையெழுத்து, அவ்வளவுதான். மாப்பிள்ளை புது உடுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் பல் பிடுங்க வந்தவன் மாதிரி இருந்தது. பக்கத்தில் டேப்பு. அவன் ஒரு வாய் சாப்பிடுவதும், அவள் அதைக் கண்கொட்டாமல் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"சூப்பு இவ்வளவு சூடா இருக்குமா?" என்று கேட்டான் அவன்.

"சூடாத்தான் இருக்கும். நீ எப்பவும் ஆறினதைத்தான் குடிச்சிருக்க," என்றாள் அவள்.

அப்போதுதான் என் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு இடம் இல்லை. எல்லா மேசையும் நிறைந்திருந்தது. வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார்கள். நான் கூடத்தைப் பார்த்தேன். நடுவில் பளிச்சென்று, ஒரு நாற்காலிகூட இல்லாமல், அவ்வளவு நீளத்துக்கு வெற்றிடம்! யாரும் உபயோகிக்கவில்லை. வண்டி ஓடாத சாலை பார்ப்பதற்கு மைதானம் மாதிரித்தான் இருக்கும். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தும் பார்த்தேன். யோசனை போகவில்லை. உபரி மேசைகளையும் நாற்காலிகளையும் கொண்டுவரச் சொல்லி, கதவிலிருந்து மேடைவரை போட்டு, என் ஆட்களை உட்கார வைத்துவிட்டேன். பார்க்க நிறைவாக இருந்தது. மேடையில் டேப்பு நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

சாப்பாடு முடிந்தது. தட்டுகளை எடுத்துப் போனார்கள். காதுக்குள் கேக் அம்மாவின் குரல் கேட்டது. அந்தப் பட்டணத்தில் பெரிய கேக் என்றால் அந்த அம்மாதான்.

"கேக் வாசலுக்கு வந்தாச்சு. வழி விடுங்க."

கதவு திறந்தது. கேக்கைப் பார்த்து, சல்யூட் அடிக்க நானே தொப்பியைத் தேடினேன். அடுக்கு மேல் அடுக்காக எழும்பி, உச்சி அடுக்கு கதவு நிலைக்கு மேலே போய்விட்டது. அதைத் தனியாக ஒருவர் கையில் ஏந்தி வந்தார். மேலே க்ரீமில் செய்த புறாக்கள். ஒன்று சிறகடித்ததைப் பார்த்தேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வண்டி ஓரடி உள்ளே வந்து, முதல் மேசையில் இடித்து நின்றது.

"வழி எங்கங்க?" என்றார் கேக் அம்மா.

வழியில் என் நண்பர்கள் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் நகருங்கப்பா," என்றேன். அதுதான் வினை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை நகரச் சொன்னவர்கள் அவர்கள். தாங்கள் நகர்ந்து பழக்கமே இல்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்து, இருக்கும் இடத்தில் நின்றபடியே அடுத்தவருக்குக் கையைக் காட்டினார்கள்.

"நீ பின்னால போ!"

"நான் எங்கய்யா போறது? மொதல்ல அந்தக் கண்ணாடிக்காரரை நகரச் சொல்லு!"

"யோவ், நான் சீனியர்!"

"கேக்கை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு!"

ஒருவர் சட்டைப் பையில் விசில் வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் விசிலோடு கல்யாணத்துக்கு வருகிறவரை என்ன சொல்வது? ஊதினார். கூடத்தில் இருந்த குழந்தைகளெல்லாம் அழுதன. கேக் வண்டியின் பின்னால் பதிவாளர் வந்து நின்றார். அவர் தலை கேக்குக்கு மேலே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எனக்கு அடுத்த கல்யாணம் இருக்குங்க. கொஞ்ச நேரம்தான் நிப்பேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை, குடும்ப விஷயம்.

கூடத்தில் வேறு ஒரு சத்தம் கேட்டது. டக்டக் டக்டக் என்று. பம்பரத்தின் அலுவலகக்காரர்கள் விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா, அவர்கள் எல்லாருடைய காலும் மேசைக்கடியில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் காலோ மேடையையே ஆட்டியது. அவன் நெற்றியில் வியர்வை. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எழுந்தால் வழி பிறக்கும், பெண் போய்விடுவாள். எழாவிட்டால் பதிவாளர் போய்விடுவார்.

அவன் எழவில்லை. டேப்புவின் பக்கம் திரும்பினான்.

"எழுந்திருக்க மாட்டேன். ஆனா வாயைத் திறக்கலாமா?"

டேப்பு அவனைப் பார்த்தாள். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வண்டியிலிருந்த கேக்கில் கீழ் அடுக்கு அதற்குள் கொஞ்சம் காய்ந்துவிட்டது. பிறகு தன் பக்கம் நின்ற மைக்கை நாற்காலியிலிருந்தபடியே எட்டி இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"உக்காந்தே செய்," என்றாள். "வலது பக்கம் தொடாதே, தூண் இருக்கு. இடது சுவரோரச் சந்து பரிமாறுறதுக்கு விட்டது. பரிமாறியாச்சு. இனிமே அது காலி. ஒரு நாற்காலி அகலம் தாராளமா இருக்கு, நான் அளந்திருக்கேன்."

"மேசை நகருமா?"

"கனமில்லாத மேசையாத்தான் எடுத்தேன். ஒருவேளை நகர்த்த வேண்டி வந்தா ஆகும்னு."

அவ்வளவுதான். மைக்கில் அவன் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசினான்.

"எல்லாரும் உக்காருங்க. விசில் அண்ணே, நீங்களும்தான். இடது சுவரோர மேசைக்காரங்க மட்டும் கேளுங்க. உக்காந்தபடியே மேசையைப் பிடிங்க. நாற்காலியோட சுவர் வரைக்கும் போங்க... அருமை. இப்ப அடுத்த வரிசை. சந்தன நிறச் சட்டைக்காரர், உங்களைத்தான். வாங்க வாங்க... சரி. அதுக்கடுத்தவங்க."

இடது பாதிக் கூடம் முழுக்க, ஒரு ஆளும் எழாமல், நாற்காலியோடு நாற்காலியாக நகர்ந்தது. ரயில் பெட்டி ஒன்றன்பின் ஒன்றாக இழுபடுமே, அந்தச் சத்தம். விருந்துக்கு வந்த ஒரு பாட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் தூங்கியபடியே நகர்ந்து சுவரோரம் போய்ச் சேர்ந்தார்.

"இப்ப நடுவுல இருக்கிற பெரியவங்க. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. கடைசியா உக்காந்தவர் மொதல்ல. இடது பக்கம் இடம் வந்திருக்கு பாருங்க."

நகரவே மாட்டோம் என்று நின்றவர்கள், "சொல்லித் தர வேண்டியதில்ல" என்ற ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மேசையைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்பு மாதிரி இடம் மாறினார்கள். பாதை பிறந்தது. கேக் மிதந்து வந்தது. அதன் பின்னால் பதிவாளர், புறாவை முறைத்துக்கொண்டே வந்தார். கூடம் கைதட்டியது. நான் பெருந்தன்மையோடு தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவர்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னது. சும்மா கிடந்த அந்தச் சந்து தேவைப்படுமோ என்று பல மாசத்துக்கு முன்னாலேயே அவள் யோசித்துவிட்டாள். எந்த நிமிஷத்தில் அது தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தைக் கையில் பிடித்தவன் அவன். நான் செய்தது மூன்றாவது வகை வேலை. விழா நாளன்று உட்கார்ந்து திட்டம் போடுவது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. அக்கா ஒரு பெயர் வைத்தாள், இங்கே எழுத முடியாது.

கேக் வெட்டினார்கள். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். பதிவாளர் மேடைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"ரெண்டு பேரும் எழுந்து நின்னு உறுதிமொழி சொல்லுங்க."

பம்பரம் எழவில்லை.

"எழுந்திருங்க தம்பி."

"உக்காந்தே சொல்றேன் சார்."

"நின்னுதான் சொல்லணும். கால்ல ஏதாவது தொந்தரவா?"

"கால் நல்லா இருக்கு சார்."

"பின்ன?"

"கையெழுத்துப் போடுற வரைக்கும் எழுந்திருக்கறதில்லன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"இவளுக்கு."

பதிவாளர் பல கல்யாணம் பார்த்தவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பேனாவை மூடினார். "இங்க பாருங்கம்மா, உறுதிமொழி நின்னு சொன்னாத்தான் நான் கையெழுத்து வாங்க முடியும். அவர் எழுந்தா நீங்க போட மாட்டீங்க, எழலைன்னா நான் வாங்க மாட்டேன். உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா இல்லையா?"

எல்லாரும் டேப்புவைப் பார்த்தார்கள். அவளோ விட்டத்தைப் பார்த்தாள். கண் இங்குமங்கும் ஓடியது, மனசுக்குள் பக்கம் புரட்டுகிற மாதிரி. மழைக்கு யோசித்தவள், கரண்டுக்கு யோசித்தவள், தும்மலுக்குக் கைக்குட்டை வைத்தவள், இதை யோசிக்கவில்லை.

"மாமா," என்றாள் மேடையோரம் நின்ற என்னிடம், மிக மெதுவாக. "உறுதிமொழியை நின்னுக்கிட்டா சொல்வாங்க?"

"எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தானேம்மா. நீங்க நடத்தாத கல்யாணமா?"

"நான் பார்த்ததே இல்ல மாமா. அந்த நேரத்துக்கு நான் அடுத்த கல்யாணத்து மண்டபத்தை அளந்துக்கிட்டு இருப்பேன்."

"நானும் பார்த்ததில்ல," என்றான் பம்பரம். "அப்பத்தான் பின்வாசல்ல கேக் வரும்."

ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள். கல்யாணம் நடக்கும் அந்த நிமிஷத்தை இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டேப்புவுக்கு முதலில் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையைத் தேடினேன். அவள் சிரித்தாள். அலுவலகக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவர்களும் பார்த்ததில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

அவள் எழுந்து நின்று அவனுக்குக் கையை நீட்டினாள்.

"இது என் பிளான்ல விட்டுப்போச்சு. எழுந்திரு."

"எழுந்தா கையெழுத்து?"

"நான் கேட்டது ஓடக் கூடாதுன்னு. நிக்கக் கூடாதுன்னு இல்ல. இங்கயே நில்லு."

அவன் எழுந்தான். அவ்வளவு நேரம் உட்கார்ந்து பழக்கமில்லாததால் கால் மரத்துப் போயிருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பதிவாளர் சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னான். பாதி சொல்லியிருப்பான், வெளியே சமையலறைப் பக்கம் தடாலென்று ஒரு சத்தம். தட்டுகள் விழுகின்றன. ஒன்றல்ல, அடுக்காக, நிற்காமல்.

அவன் குதிகால் தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். டேப்புவும் பார்த்தாள். அவள் அவனைப் பிடிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, சும்மா நின்றாள்.

குதிகால் மெதுவாக இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தபடியே, ஒரு சொல் விடாமல் கடைசிவரை சொல்லி முடித்தான். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டேப்பு தன் பங்கைச் சொன்னாள். குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டாள்.

தட்டுகள் இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தன. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"மாமா!"

ஓடினேன். யோசிக்கவில்லை, எதையும் மாற்றவில்லை, ஓடினேன், அவ்வளவுதான். சமையலறைக்குள் நுழைந்தபோது பெரிய அடுக்கு ஒன்று மொத்தமாகச் சரிந்து வந்துகொண்டிருந்தது. வலது கையைத் தூக்கினேன். தட்டுகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. பாத்திரம் கழுவுகிறவர் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்து முடித்தார். அதற்கப்புறம்தான் கையை இறக்கினேன்.

நம்பாவிட்டால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இப்போது வெளியூரில் இருக்கிறார்.